ஷீலானி

போன்ல நீங்க படிக்க கதைல பதிமூணாவது எபிய, அதான் எபிசோட, விட்டுருங்க அக்கா. அதுல ஒண்ணுமில்ல. ஆரவ்தீரன் கார்ல போவான், மழை பெய்யும், பூந்தளிர் குடையில்லாம நிப்பா, இவன் நிறுத்தாமப் போயிருவான். அவ்வளவுதான். அதை ஆயிரத்தி அறுநூறு வார்த்தைக்கு இழுத்திருக்கு. நேரா பதினாலுக்குப் போங்க, அதுல திரும்பி வருவான்.

எப்படித் தெரியும்ங்கியளா? நான்தான எழுதுனேன்.

அப்படிப் பாக்காதீய. மிருதுளா நேசன் நான்தான். சைட்டுல பேருக்குப் பக்கத்துல இருக்க போட்டோ பன்னெண்டு வருஷத்துக்கு முந்தி எடுத்தது, அதுலயும் பாதி மூஞ்சியப் பூ மறைக்கும். நேசன் யாருன்னு கேக்காதீய, அப்படி ஒருத்தன் கெடையாது. எங்க வீட்டுக்காரர் பேரு சுடலைமுத்து, பாளையங்கோட்டைல உரக்கடை வச்சிருக்காரு. எம் பேரு செல்லக்கனி. செல்லக்கனி சுடலைமுத்துன்னு போட்டா எவ காதல் கதை படிப்பா, சொல்லுங்க. யூரியா வாசம்லா அடிக்கும்.

உங்களுக்கு என்னைய விட ரெண்டு வயசு கூட இருக்கும், அதான் அக்காங்கேன். இந்த பஸ்ல எங்க வரைக்கும், திருச்செந்தூரா? எனக்குக் குரும்பூரு. டிக்கெட்டு மட்டும் திருச்செந்தூருக்கு எடுத்திருக்கேன். ஏன்னு பொறவு சொல்லுதேன்.

நீங்களும் எழுதணும்னு நெனைக்கியளா! போஸ்டாபீஸ்ல வேலைய வச்சுக்கிட்டா? நல்லதாப் போச்சு. கவுண்டர்ல ஒக்காந்து அத்தனை பேருக்கும் பதில் சொல்லுத ஆளுக்குப் பொறுமை தன்னால இருக்கும். எங்கிட்ட இதைக் கேட்டு தெனம் அஞ்சாறு மெசேஜ் வருது. ‘எப்படி சிஸ் இவ்வளவு எழுதுறீங்க, டிப்ஸ் குடுங்க சிஸ்’னு. ஒருத்திக்கும் நான் வாயத் தொறந்ததில்ல. நீங்க ஜன்னலோரத்த விட்டுக் குடுத்தியளே, அதனால சொல்லுதேன்.

ஹீரோ ஆறடி இருக்கணும். அஞ்சே முக்கால்னு எழுதிறாதீய, திரும்பிக்கூடப் பாக்க மாட்டாளுவ. கோவக்காரனா இருக்கணும், கோவத்துக்கு ஒரு பிளாஷ்பேக் இருக்கணும். என்ன வேலை பாக்கான்னு யாரும் கேக்க மாட்டா, ‘தொழிலதிபர்’னு ஒரு வார்த்தை போதும். இருபத்தாறு நாவல் எழுதிட்டேன், அவனுவ என்ன தொழில் பண்ணுதானுவன்னு எனக்கே தெரியாது. ஒருத்தனுக்கு மட்டும் உரக்கம்பெனின்னு வச்சுப் பாத்தேன். லைக்கே விழல.

எப்ப எழுதுவேன்னா, காலைல அவரு கடைக்குப் போனதும் அடுப்படில ஸ்டூலப் போட்டு ஒக்காந்துருவேன். பருப்பு வேகுற நாளு காதல் சீன். கொண்டைக்கடலை போட்டா சண்டை சீன், கடலைக்கு நேரமாகும்லா. போன்லதான் எழுதுவேன், ஒத்தப் பெருவிரல்ல. மகன் லேப்டாப்பு வாங்கிக் குடுத்தான். அது மேல இப்ப ஊறுகா ஜாடி இருக்கு.

இதெல்லாம் மேலோட்டம். உள்ள இருக்க சூட்சுமம் ஒண்ணே ஒண்ணுதான், காதக் கொண்டாங்க. அவனும் அவளும் பேசிரப்படாது.

வெளங்கலையா? எந்தக் காதல் கதைய வேணாலும் எடுத்துக்கோங்க. அவன் அவளத் தப்பா நெனச்சிருப்பான், அவ அவனத் தப்பா நெனச்சிருப்பா. ரெண்டு பேரும் ஒரு எடத்துல ஒக்காந்து ரெண்டு நிமிஷம், ரெண்டே நிமிஷம் பேசுனா தீந்துபோவும். அந்த ரெண்டு நிமிஷத்த மட்டும் குடுத்துரப்படாது. அவ சொல்ல வாயெடுக்கும்போது போன் அடிக்கணும். அவன் சொல்ல வரும்போது யாராவது மயங்கி விழணும். ஒரு நாவல்ல அவ மாமாவ நாலு தடவ மயங்க வச்சேன். நாலாவது தடவ ஒரு வாசகி, ‘அந்த மாமாவ நல்ல டாக்டரா பாத்துக் காட்டுங்க சிஸ்’னு போட்டா. போட்டாலும் விடாமப் படிச்சா. ரெண்டு நிமிஷத்த அம்பது எபிக்குத் தள்ளிப் போடுததுதான் அக்கா இந்தத் தொழிலே.

நெசத்துல எவ அப்படி வாய மூடிக்கிட்டு இருப்பாங்கியளா? அதுக்குத்தான் கற்பனைன்னு பேரு. இன்னொண்ணு சொல்லுதேன், இதையும் குறிச்சுக்கோங்க. சொந்தக்காரங்களப் பாத்து எழுதாதீய. நான் எல்லாமே கற்பனைதான். எங்க குடும்பத்துலருந்து ஒரு உப்புக்கல்லு கூட எடுத்ததில்ல.

யாரு, மதியா? உங்களுக்கும் மதியத்தான் பிடிச்சிருக்கா?

சவத்த, இதான் பாருங்க. பூந்தளிருக்கு நான் எவ்வளவு பாடுபட்டிருக்கேன். அவ கண்ணப் பத்தி மட்டும் மூணு பக்கம். எல்லாவளுக்கும் மதிதான் வேணும்ங்காளுவ. அவ ஹீரோவோட அண்ணன் பொண்டாட்டி, கல்யாணத்தக் கெடுக்கதுக்குன்னே வச்ச வில்லி. கண்ணாடிய நெத்தில ஏத்திவிட்டுட்டு வீடு பூரா கண்ணாடியத் தேடுவா, அதுக்கு எரநூறு கமெண்டு. பூந்தளிரோட காதல் கடுதாசிய வழில பிடுங்கி, செவப்புப் பேனாவால எழுத்துப்பிழை திருத்தி, திருப்பி அனுப்புவா. அதுக்கு ஐந்நூறு! ‘மதி மாஸ் சிஸ்.’ ‘மதிக்குத் தனிக்கதை போடுங்க சிஸ்.’

அந்தக் கடுதாசி... அது மட்டும் நெசத்துல நடந்ததுதான். நீங்க கேட்டதால சொல்லுதேன்.

எங்க அண்ணன் பொண்டாட்டி, எனக்கு மதினி. பேரு வளர்மதி. குரும்பூர்ல தமிழ் டீச்சரா இருந்து ரிட்டயராயிட்டா. எனக்கு இருபது வயசு இருக்கும்போது, இந்த சுடலைமுத்துக்கு ஒரு கடுதாசி எழுதி அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். மதினி அப்பத்தான் கல்யாணமாகி வந்து மூணு மாசம். அரிசி அளக்கப் போனவ கைல அது சிக்கிட்டு. நான் செத்தேன்னு நிக்கேன். அவ நிதானமா வாசிச்சா. செவப்புப் பேனாவ எடுத்தா. ‘ஏட்டி, நினைவுக்கு எதுக்கு மூணு சுழி? ரெண்டு போதும்’னா. ஏழு எடத்துல திருத்துனா. ‘இப்ப நல்ல தாள்ல எழுதிக் கொண்டு குடு’ன்னா. குடுத்தேன். இவரு வாசிச்சிட்டு, ‘தப்பே இல்லாம எழுதியிருக்கியே’ன்னாரு. அந்த மனுஷன் இன்னைக்கு வரைக்கும் எனக்குச் சொன்ன ஒரே காதல் வசனம் அதான்.

கதைல அவ கெடுக்கதுக்காகத் திருத்துவா. நான் லேசா மாத்திக்கிட்டேன். அந்த மாத்துததுதான் கற்பனை.

ஸ்ரீவைகுண்டம் தாண்டிட்டா? சரி, இன்னும் நேரமிருக்கு.

மதினியும் நானும் வீட்டுக்கு வீடு போன் வந்த காலத்துலருந்து தெனம் பேசுவோம். மத்தியானம் மூணு மணிக்கு டாண்ணு அடிக்கும். அவ பாட்டுக்குப் பேசுவா. எங்க அண்ணன் கோவிச்சுக்கிட்டு சாப்பிடாமப் போனதையும், ரெண்டு தெரு தள்ளிப் போயிட்டுத் திரும்பி வந்து ‘ரசம் மட்டும் ஊத்து’ன்னு நின்னதையும் சொல்லுவா. அவ ஸ்கூல்ல ஒரு சார், ஒரு டீச்சருக்கு எடம் பிடிச்சுக் குடுத்துட்டு எட்டு வருஷம் பஸ்ல நின்னுக்கிட்டே வந்ததச் சொல்லுவா. நான் ம் கொட்டிக்கிட்டு இருப்பேன். மறுநாள் காலைல குக்கரு வச்சா எனக்குத் தன்னால ஒரு எபி தோணும். எங்கருந்து தோணுதுன்னு எனக்கே தெரியாது. வரம்தான், வேற என்ன.

அப்பேர்ப்பட்டவள ஏன் வில்லியாக்குனேன்னுதான கேக்கிய. இருபத்தஞ்சாவது புஸ்தகத்துக்கு பாளையங்கோட்டைல சின்னதா ஒரு விழா வச்சோம். ஆசையா மதினியப் பேசக் கூப்பிட்டேன். மைக்கப் பிடிச்சா. ‘எங்க செல்லக்கனி கதைல இதுவரைக்கும் இருபத்தஞ்சு ஹீரோ வந்துட்டான். எல்லாம் ஒரே ஆளுதான், சட்டைய மட்டும் மாத்திக்கிட்டு வாரான்’னா. சனம் சிரிச்சுது பாருங்க! எங்க வீட்டுக்காரரு, எதுக்குமே சிரிக்காத மனுஷன், தொடையத் தட்டிச் சிரிச்சாரு. நானும் பல்லக் காட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அடுத்த கதைல வில்லிக்கு மதின்னு பேரு வச்சேன். கண்ணாடி, செவப்புப் பேனா எல்லாம் வச்சேன். அப்பத்தான் தூக்கமே வந்துது.

மதினி போன்ல படிக்க மாட்டா, கண்ணு வலிக்கும்பா. புஸ்தகமா வந்தாத்தான். அதனால சைட்டுல தைரியமா எழுதுனேன். பொறவு புஸ்தகமாப் போடுதோம்னு பதிப்பகத்துல கேட்டாவ. அப்பத்தான் மதினி ஞாபகம் வந்துது. மொதப் பிரதி எப்பவும் மதினிக்குத்தான், பதிப்பகத்துலருந்தே நேரா குரும்பூருக்குப் போயிரும்.

சரி, பேர மட்டும் மாத்திருவோம்னு நெனச்சேன். கம்ப்யூட்டர்ல ஒரு வசதி உண்டும்லா, ஒரு வார்த்தையக் குடுத்தா அது எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் வேறதப் போட்டுரும். ஊறுகா ஜாடிய எறக்கி வச்சிட்டு ஒக்காந்தேன். என்ன பேரு வைக்கன்னு யோசிக்கும்போது எதுத்த வீட்டு நாயி கொலைச்சுது. அதுக்குப் பேரு ஷீலா. சரின்னு, மதி இருக்க எடத்துல எல்லாம் ஷீலான்னு அமுக்கிட்டேன். ஒரே செகண்டு! எனக்கு அப்படி ஒரு பெருமை. அப்படியே அனுப்பிட்டேன். பதிப்பகத்துலயும் ஒருத்தரும் வாசிக்கல. அச்சாகி வந்துட்டு.

பிரிச்சேன். மொதப் பக்கம், மொத வரி. ‘ஆரவ்தீரனின் மனதில் நிம்ஷீலா இல்லை.’

சிரிக்காதீய அக்கா. மதி இருக்க எடத்துல எல்லாம்னா அது எல்லா எடத்துலயும் போட்டுட்டு. தமிழ்ல மதி எங்கதான் இல்ல? நிம்மதி நிம்ஷீலாவாயிட்டு. பூந்தளிர் ஷீலாயம் சாப்பிடுதா. ஆரவ்தீரன் ஷீலால் சுவர் ஏறிக் குதிக்கான். அவ கல்யாணத்துக்குச் சம்மதித்தாள்னு எழுதியிருந்தேன், சம்ஷீலாத்தாள்னு நிக்கி. கல்யாணப் பத்திரிகைல திருமதி அத்தனையும் திருஷீலா. ஆஸ்பத்திரி சீன்ல நர்ஸ் சொல்லுதா, ‘டாக்டரின் அனுஷீலா இல்லாமல் உள்ளே போகக் கூடாது.’ ஒரு வாசகி போன் பண்ணி, ‘அந்த அனுஷீலா டாக்டருக்கு ஒய்ஃபா சிஸ், சின்ன வீடா? கடைசி வரைக்கும் காட்டவே இல்லையே’ங்கா. அடுத்த பாகத்துல வருவான்னு சொல்லி வச்சிட்டேன்.

எல்லாத்துக்கும் மேல, ஆரவ்தீரன் அண்ணன் பொண்டாட்டிய எப்படிக் கூப்பிடுவான்? மதினின்னுதான. லண்டன்ல படிச்சவன் எப்படி மதினிங்கான்னு சைட்டுல ஒருத்தி கேட்டிருந்தா. லண்டன்ல படிச்சாலும் மதினி மதினிதான்னு பதில் போட்டேன். புஸ்தகத்துல பாத்தா, ‘ஷீலானி, ஒரு காபி கிடைக்குமா?’ ‘உங்களை மன்னிக்க மாட்டேன் ஷீலானி.’ பக்கத்துக்குப் பக்கம் ஷீலானி. நிம்ஷீலால ஷீலாவ எடுத்துட்டு எத வச்சா வார்த்தை வரும்னு, முப்பத்தி நாலு வருஷம் தமிழ் நடத்துனவளுக்குச் சொல்லவா வேணும்? நாய் பேரும் அவளுக்குத் தெரியும். எங்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதுக்கு பிஸ்கட்டு போடுவா.

அன்னைக்கு மூணு மணிக்கு போன் அடிக்கல. மறுநாளும் அடிக்கல. நாலாம் நாள் புஸ்தகம் திரும்பி வந்துது. இதே ரூட்டு பஸ்ல கண்டக்டர் கைல குடுத்து விட்டிருக்கா. பக்கத்துக்குப் பக்கம் செவப்பு வட்டம். எண்ணிட்டேன், நூத்திப் பதினாறு வட்டம். கடைசிப் பக்கத்துல ஒத்த வரி. இன்னா, பைக்குள்ளதான் இருக்கு, நீங்களே வாசிங்க. ‘செல்லக்கனி, என் பெயரை எடுத்த இடமெல்லாம் வட்டம் போட்டிருக்கிறேன். பார்த்துக்கொள்.’ கீழ கையெழுத்தப் பாத்தியளா? வளர்னு மட்டும் போட்டிருக்கா. முழுப் பேரு எழுதக்கூட மனசு வரல, அவ்வளவு கோவம்.

எட்டு மாசம் ஆச்சு. இந்த எட்டு மாசத்துல மூணு தடவ இதே பஸ்ல ஏறிட்டேன். குரும்பூர் வரும், எறங்கணும்னு எந்திரிப்பேன், திரும்ப ஒக்காந்துருவேன். திருச்செந்தூர் வரைக்கும் போயி முருகனக் கும்பிட்டுட்டு திரும்பிருவேன். எங்க வீட்டுக்காரரு, ‘என்ன, திடீர்னு பக்தி முத்திட்டு’ங்காரு. இப்ப டிக்கெட்டே அங்க வரைக்கும் எடுத்துருதேன்.

புதுக்கதை பத்தொம்பதாவது எபில நிக்கி. ஹீரோ மாடிப்படில ஒத்தக்கால வச்சான், எட்டு மாசமா அப்படியே நிக்கான். ‘யூடி எங்க சிஸ்’னு, அதான் அடுத்த எபி எங்கன்னு, கேட்டுக் கேட்டு அவளுவளும் ஓஞ்சு போயிட்டாளுவ. கண்ணு பட்டுட்டுன்னு சுத்திப் போட்டேன். ஒண்ணும் நடக்கல. குக்கரு விசிலடிக்கி, மண்டைக்குள்ள ஒரு வார்த்தை இல்ல. எழுத்து போனாப் போவுது. மூணு மணியானா கை தன்னால போன எடுக்கு அக்கா. எடுத்துப் பாப்பேன், வச்சிருவேன். அழுகை வரும். எங்கம்ம போனப்பக்கூட மதினி இருக்கான்னுதான் தேறுனேன்.

போன் பண்ண வேண்டியதுதானங்கியளா? சொல்லுததுக்கு நல்லாருக்கு. எடுக்கலைன்னா? எடுத்துட்டு ஒண்ணும் பேசலைன்னா? தப்பு எம்மேலதான்னே வைங்க, மொதல்ல மைக்கப் பிடிச்சது யாரு? அவளுக்கு நம்பர் தெரியாதா?

என்ன ரெண்டு நிமிஷம்?

அது கதைக்குச் சொன்னது அக்கா. நான் சொன்னத எனக்கே திருப்பிச் சொல்லாதீய. கதை வேற, இது வேற. இதுல யாரும் மயங்கி விழல, போன் குறுக்க அடிக்கல, சும்மா... சும்மாதான் பேசாம இருக்கோம்.

எதுக்குத் திரும்பத் திரும்ப அந்த வரியவே பாக்கிய? ஆமா, ‘எடுத்த இடமெல்லாம்’னுதான் போட்டிருக்கு. அதுக்கென்ன?

வச்ச இடம்னு போடலைங்கியளா.

இருங்க. இங்க கொண்டாங்க. எடுத்த இடம். ஆமா, எடுத்த இடம்தான். அவ ஒரு புள்ளி கூட மாத்திப் போட மாட்டாளே. அப்ப வில்லியாக்குனதுக்கு இல்லியா? பேரத் தூக்குனதுக்கா கோவம்? வளர்னு நிறுத்தியிருக்கது... அடப்பாவி, மதிய நீதான எடுத்துட்டியேன்னுல்லா காட்டியிருக்கா. இந்த ஒத்த வரிய எட்டு மாசமா நான் வாசிக்கேன் அக்கா. மனப்பாடமாத் தெரியும்.

இது என்ன பக்கம்? எரநூத்திப் பன்னெண்டா? இங்க வட்டம் கெடையாதே, அதனால நான் பாக்கல. வட்டத்தத்தான எண்ணுனேன். கடுதாசி திருத்துத எடம்லா இது. ஓரத்துல சின்னதா என்னமோ... கண்ணாடி எங்க, என் கண்ணாடிய எங்க வச்சேன்? நெத்திலயா? சரி சரி. ‘நன்று.’

நன்றுன்னு போட்டிருக்கா. மதினி யாருக்கும் நன்று போட மாட்டா அக்கா. அவ பெத்த மகனுக்கே ‘பரவாயில்லை’தான்.

தென்திருப்பேரை தாண்டியாச்சா? ஐயோ, அடுத்தது குரும்பூர்லா. இந்தாங்க போனு. நீங்களே அமுக்குங்க, ‘மதினி வீடு’ன்னு இருக்கும். அடிக்கி. ரெண்டாவது ரிங்கு. மூணாவது. எடுக்க மாட்டா, நான் சொன்னேன்லா. வச்சிருதேன். கையப் பிடிக்காதீய, வச்சிருதேன்...

ஹலோ? மதினியா?

அக்கா... என்ன சொல்லுதா தெரியுமா? ‘மதினி இல்ல. ஷீலானி பேசுதேன்’ங்கா.

மதினி, நான் பஸ்ல வாரேன். ஆமா, பஸ்லதான். அழல, காத்து அடிக்கி. யாரு சொன்னா மூணு தடவன்னு? அண்ணன் பாத்தானா, ஜன்னல்ல என் மூஞ்சிய? பாத்துட்டுச் சொல்லவே இல்லியா! சரி, சரி, வாரேன். என்னது? சத்தமாச் சொல்லுங்க.

‘ஷீலாயம் சாப்பாட்டுக்கு வந்துரு’ங்கா அக்கா. ரசமும் வச்சிருக்காளாம்.

தம்பி! கண்டக்டர் தம்பி, நிறுத்துங்க, எறங்கணும்! டிக்கெட்டு திருச்செந்தூருக்குத்தான், மீதி தூரத்த இந்த அக்காவுக்கு எழுதிக்கோங்க. அக்கா, புஸ்தகத்த எங்கிட்ட குடுங்க. டிப்ஸ் எல்லாம் நெனைவிருக்குல்லா? சொந்தக்காரங்களப் பாத்து எழுதாதீய. எழுதுனாலும் பேர மாத்தாதீய.

ஏன் தம்பி கத்துதிய? எட்டு மாசமா நிக்கவ நான். எனக்காக ஒரு ரெண்டு நிமிஷம் நிக்க மாட்டியளா?